எழுந்திருக்காத நாற்காலி

2003 பங்குனி. ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பின் கடைசி வருஷம் எனக்கு. மிளகாய் பயிரிடுகிற சம்சாரிக் குடும்பம். வீட்டில் அய்யா முன்பே சொல்லிவிட்டார்: “பாத்துக்க தாயி, ஒரு பரீட்சைல கோட்டை விட்டாலும் மாப்பிள்ளை பாத்துருவேன்.” சொன்னால் செய்கிற ஆள்.

எங்கள் லேபில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு எப்போதும் அடிதடி. பையன்கள் முந்தி உட்கார்ந்துவிடுவார்கள். மூலையில் லினக்ஸ் போட்ட பழைய மெஷின் ஒன்று சீந்துவாரில்லாமல் கிடந்தது. போங்கடா என்று நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கடைசி வருஷ புராஜெக்டாக, வாலிநோக்கம் உப்பளத்தின் கணக்குக்கு ஒரு புரோகிராம். அத்தனை வரியையும் அதில்தான் எழுதினேன்.

செய்முறைத் தேர்வன்று, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் ஃபைலை விண்டோஸ் கம்ப்யூட்டரில், நோட்பேடில் திறந்தார். வரிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, நடுநடுவே சின்னக் கறுப்புக் கட்டங்களோடு ஒரே நீளமாகக் கிடந்தன.

“என்னம்மா இது குப்பை? எங்க இருந்து காப்பி அடிச்ச? எந்திரி, அடுத்த ஆள் வரட்டும்.”

எழுந்தால் படிப்பு அதோடு சரி. ஆனால் அந்தக் கட்டங்களை உற்றுப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. வரி முடிந்தது என்று காட்ட லினக்ஸ் ஒரு குறியீடுதான் வைக்கும்; விண்டோஸ் இரண்டு வைக்கும். இரண்டும் சேர்ந்து இல்லாவிட்டால் நோட்பேடுக்கு வரி முடிந்ததே தெரியாது. ஒவ்வொரு கட்டமும் நான் என்டர் தட்டிய இடம்.

“எந்திரிக்க மாட்டேன் சார். நான் அங்கிட்டுத் திரும்பி உக்காந்துக்கிறேன். எந்தக் கட்டத்துல வேணாலும் விரல வைங்க. அதுக்கு முன்னாடி உள்ள வரிய வாசிங்க, அடுத்தது என்னன்னு நான் சொல்றேன்.”

கோபமாகத்தான் வாசித்தார். நான் சொன்னேன். இன்னொரு இடம் கேட்டார், அதையும் சொன்னேன். பிறகு, “இதையே வேர்ட்பேடுல திறங்க சார், அதுக்கு ஒரு குறியீடே போதும்” என்றேன். திறந்தார். வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, நான் எழுதியபடியே நின்றன. புரோகிராமை ஓட்டிக் காட்டினேன், ஓடியது.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை மனிதர். “மொதல்லயே விண்டோஸுக்கு மாத்திக் கொண்டு வந்திருக்கலாம்ல?” என்றார்.

“எனக்கு அந்த மூலை மெஷின்தானே சார் மிஞ்சுச்சு” என்றேன்.

பாஸ் போட்டார். அய்யாவும் மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கவில்லை. இன்றைக்கும் என் வேலையை யாராவது குப்பை என்று தள்ளினால், குரல் நடுங்கினாலும் நாற்காலியை விட்டு மட்டும் நான் எழுந்திருப்பதில்லை.