கடாரத்து மருமகன்

தீபாவளி விடுமுறையில் சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அந்தத் தடித்த சரித்திரப் புத்தகத்தை வாங்கினேன். மனைவி அப்போது மாசமாக இருந்தாள். கிள்ளான் வீட்டில் முறுக்கு டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். கப்பல் கப்பலாக வந்து கடாரத்தை அடித்த சோழ ராஜா என்னைப் பிடித்துக்கொண்டான். கடாரம் என்றால் நம் நாட்டுக் கெடா மாநிலம்தான். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பக்கம் படிப்பேன், எழுந்து வாசல்வரை போவேன், திரும்பி வந்து அதே பக்கத்தைப் படிப்பேன்.

பையன் பிறந்தால் ராஜா பெயர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பள்ளியில் படிக்கும்போது ஒருவன், உங்கள் ஆட்கள் ரப்பர் வெட்ட வந்தவர்கள்தானே என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது இன்னும் எரிகிறது. என் பிள்ளை அப்படி வாயடைத்து நிற்கக்கூடாது. அவன் பெயரே பதிலாக இருக்க வேண்டும்.

ஆனால் முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது மனைவி வீட்டு வழக்கம். இறந்துபோன என் மாமனார் கெடாவில் சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "கடாரத்த நேர்ல வந்து பாரு, நீயே ஒத்துக்குவ" என்று அவளைக் காரில் ஏற்றி வடக்கே ஓட்டினேன். வழி நெடுக நான்தான் பேசினேன். அவள் பாதி நேரம் தூங்கினாள்.

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயிலின் கல் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் நிழலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"உங்க ராஜா வந்து என்னதான் செஞ்சாரு?"

"ஜெயிச்சாரு. இங்க இருந்த ராஜாவப் பிடிச்சாரு. பொக்கிஷம், வாசல் தோரணம், எல்லாத்தையும் அள்ளிட்டுப் போய்ட்டாரு."

"எங்க ஊரக் கொள்ளையடிச்சவரு பேரு என் பிள்ளைக்கா? நல்லா இருக்குலா."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "உங்க ஊரா? உங்க ஆளுங்க ரப்பர் வெட்ட வந்தவங்கதானே!"

அவள் கோபப்படவில்லை. "ஆமா. உங்க ஆளுங்க மட்டும் ராஜா கப்பல்லயா வந்தாங்க?"

பள்ளியில் கேட்ட அதே வார்த்தை என் வாயிலிருந்தே வந்துவிட்டது. என் பாட்டனார் கிள்ளானில் தண்டவாளம் போட வந்தவர். அசிங்கமாக இருந்தது.

பையன்தான் பிறந்தான். மாமனார் பெயரை வைத்தோம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சில மாதம் கழித்து ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது, பாயில் கிடந்தவனை ராஜாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ஊஹூம். தோற்றுப்போய் அவன் தாத்தா பெயரைச் சொன்னேன். சட்டென்று தலையைத் திருப்பி, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான்.