டாக்டரம்மாவிடம் நான் சொன்னது

வயிற்றிலிருந்த பிள்ளையை எடுத்துப் போட்டுவிட்டு என்னைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டவள் நான்.

அந்தப் பிள்ளை இப்போது அடுப்படியில் உட்கார்ந்து பழைய சோறு தின்றுகொண்டிருக்கிறாள். பெயர் கொளஞ்சி. நான்காம் வகுப்பு. அவளுக்காக உயிரையே பணயம் வைத்தவள் என்று இந்தத் தெருவே என்னைக் கொண்டாடுகிறது. நானும் கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஒன்பது வருடமாய் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? எனக்கே ஒழுங்காகப் புரியாத ஒன்றை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்?

கொளஞ்சிக்கு முன் இரண்டு பிள்ளைகள் எனக்கு வயிற்றிலேயே கலைந்து போயின. விருத்தாசலத்தில் எங்கள் தெருப் பெண்கள் விடிவதற்கு முன் ஆற்றோரத்து முள்காட்டுக்குத்தான் ஒதுங்கப் போவோம். நீங்களும் அப்படிப் போனவராக இருந்தால் தெரியும்... அந்த இருட்டில் தன் உடம்பிலிருந்து என்ன போகிறது என்று எந்தப் பெண் பார்த்தாள்? பாம்பு இருக்கிறதா, ஆள் வருகிறதா என்று பார்க்கத்தான் கண்.

மூன்றாவது தடவை நான் முழுகாமல் இருந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். அவருக்குப் பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலை. ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்ததால் கழித்துப் போட்ட கக்கூஸ் பீங்கான் ஒன்றைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். கொல்லையில் குழி வெட்டி, உறை இறக்கி, அதைப் பதித்தார். சுற்றிலும் கீற்றுத் தட்டி.

என் மாமியார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "சாமி கும்புடுற வூட்டுல கக்கூஸாடா கட்டுற? ஊரு சிரிக்காது?" என்றார்.

"இருட்டுல நடந்து நடந்துதான் ரெண்டும் போச்சு. இதுவாச்சும் தங்கட்டும்" என்றார் இவர். 

ஊர் சிரிக்கத்தான் செய்தது. மகாராணி வீடு என்று எங்கள் வீட்டுக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்... பொய் சொல்வானேன்?

நான்காம் மாதத்தில் ஒருநாள் காலை, வெயில் தட்டிக்குள் நுழைந்த நேரம், அந்த வெள்ளைப் பீங்கானில் சிவப்பைப் பார்த்தேன். வெற்றிலை எச்சில் போல இருந்தது. வலி இல்லை, கடுப்பு இல்லை, ஒன்றும் இல்லை. எந்த வழியாக வந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இரத்தம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். இதுவும் போகிறது!

செம்பிலிருந்த தண்ணீரைச் சாய்த்தேன். பீங்கான் பழையபடி வெள்ளையாகிவிட்டது. வெளியே வந்து, "தோசைக்கு ஊறப் போடட்டுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

ஏன் மறைத்தேன்? சொன்னால் "இவ வயிறு தங்காத வயிறு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் மாமியாரின் அண்ணன் மகள் ஒருத்தி கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். அந்தப் பேச்சு வீட்டில் இரண்டு முறை வந்து அடங்கியிருந்தது. மூன்றாம் முறை அடங்காது என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் பிள்ளை போகவில்லை. இரத்தம் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. ஐந்தாம் மாதத்தில் பிள்ளை அசைந்தது. காலையில் சிவப்பு, மதியம் உதை... எதை நம்புவது? செத்துக்கொண்டிருக்கும் பிள்ளை உதைக்குமா? நான் கேட்கத்தான் ஆளில்லை. கேட்க வாயும் இல்லை. தினமும் ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான் என் வைத்தியம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. மனையில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கை நிறைய வளையல் அடுக்கினார்கள். காலையிலிருந்தே எனக்கு மூத்திரம் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாய் இறுகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கடைசி வளையலைப் போட்டபோது மனையிலேயே சாய்ந்துவிட்டேன்.

"ஐயோ, வலி எடுத்துடுச்சு!" என்று மாமியார் அலறினார். எல்லோரும் பிரசவ வலி என்றே நினைத்தார்கள். கடலூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே குழாய் விட்டதும் கட்டி கட்டியாய் இரத்தம் வந்தது. அவர்கள் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பட்டணத்தில் உள்ளே விளக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"ரத்தம் பிள்ளைகிட்டேயிருந்து வரலைம்மா. உன் மூத்திரப் பையில கட்டி இருக்கு. கேன்சர் கட்டி. எத்தனை நாளா இப்படிப் போகுது?"

"நேத்துலேருந்துதாங்க" என்றேன். அந்த நிலையிலும் பொய்!

கேன்சர் என்ற சொல்லை அதற்கு முன் நான் சரியாகக் கேட்டதுகூட இல்லை. முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்ற சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் நல்ல தாயாகத்தான் இருந்தேன்.

அடுத்து அவர் இரண்டு வழி சொன்னார். இப்போதே பிள்ளையை எடுத்துவிட்டுக் கட்டிக்கு ஆபரேஷன் செய்யலாம், ஆனால் ஏழு மாதப் பிள்ளை பிழைப்பது கஷ்டம். அல்லது பிள்ளை முற்றும் வரை பொறுக்கலாம், ஆனால் கட்டி அதுவரை சும்மா இருக்குமா என்று அவரால் சொல்ல முடியாது.

இவர் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போயிருந்தார். மாமியார் ஊரில். நானும் டாக்டரம்மாவும் மட்டும்தான்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "எனக்குப் பிள்ளை வேணாங்க. இப்பவே எடுத்துடுங்க. நான் சாவ மாட்டேங்க. என்னைக் காப்பாத்துங்க."

சொல்லும்போதே வயிற்றில் அவள் உதைத்தாள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. "பயப்படாதே. எது செய்றதா இருந்தாலும் முதல்ல உனக்கு ரத்தம் ஏத்தணும். உன் உடம்புல ரத்தமே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இவர் வந்தார். டீயை ஆற்றிக் கொடுத்தபடி, "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

கட்டியைச் சொன்னேன், இரண்டு வழியையும் சொன்னேன். அப்புறம் என் வாய் சொன்னது... "பிள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, நான் பொறுத்துக்கிறேன்னு சொல்லிட்டேங்க."

அந்த மனிதர் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, வார்டில் அத்தனை பேர் பார்க்க, என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வேன்? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

பொறுத்ததெல்லாம் என் தியாகம் இல்லை. ஏற்ற இரத்தம் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்து ஏற்றியபோது குளிர்க்காய்ச்சல் வந்தது. ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போயிற்று. எட்டாம் மாதத்தில் கொளஞ்சி தானாகவே வலி கொடுத்து வந்துவிட்டாள். எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பார்கள். அவள் தங்கினாள். அப்புறம் என் கட்டியைச் சுட்டு எடுத்தார்கள். நானும் தங்கினேன். டாக்டரம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. மறந்துவிட்டாரோ, பாவம் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது.

மாமியார் கொளஞ்சியப்பர் கோயிலில் எங்கள் இருவருக்காகவும் பிராது கட்டியிருந்தார். அந்த சாமியிடம் குறையை எழுதிக் கட்டிவிட்டால் அவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். கருவேப்பிலங்குறிச்சிப் பேச்சை மாமியார் அதோடு விட்டுவிட்டார். "எம் மருமவ மாதிரி எவ இருக்கா?" என்று குழாயடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். என்மேல் ஒரு பிராது கட்ட வேண்டுமென்றால் அதை யார் கட்டுவது? கட்ட வேண்டியவளுக்கு விஷயமே தெரியாது!

நான் செய்தது என்னதான்? தெரியாமல் மூன்று மாதம் மறைத்து, கட்டியை வளரவிட்டு, அவளை வயிற்றில் வைத்திருந்தேன். அதை எவரும் பாராட்டவில்லை. தெரிந்த பிறகு அவளை வேண்டாம் என்றேன். அதற்குத்தான் இத்தனை பாராட்டு. சாக மாட்டேன் என்று சொன்னது குற்றமா? அப்போது இருபத்திரண்டு வயது எனக்கு. அதைச் சொன்னதைவிட, சொல்லவில்லை என்று சொன்னதா குற்றம்? இதுவா, அதுவா... ஒன்பது வருடமாய் இதே சுற்றுதான்.

வருடா வருடம் பட்டணம் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருடமாய்ப் போகவில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கொளஞ்சி கேட்டாள். "ம்மா, உனக்கு அந்தக் கட்டி திரும்ப வருமா?"

"வராதுடி. ஆடாம இரு."

"வந்தா என் மூத்திரப் பையை எடுத்து வச்சிக்கோம்மா. நான் டாக்டருகிட்ட சொல்றேன். நீ எனக்காகப் பொறுத்துக்கிட்டல்ல?"

பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்று காலை அந்தப் பீங்கானில் மறுபடியும் சிவப்பு. அதே மயிரிழை விரிசல். இப்போது அதில் கருப்பு ஏறியிருக்கிறது. எந்த வழியாக வந்தது என்று இந்த முறை எனக்குச் சந்தேகம் இல்லை. சொல்ல வேண்டும் என்று தெரியும். சொன்னால் அவள் தன்னுடையதைத் தருகிறேன் என்று வந்து நிற்பாள் என்பதும் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எதைச் சொல்வேன்?

"ம்மா, ஆச்சா? ஸ்கூலுக்கு நேரமாவுது" என்று தட்டிக்கு வெளியே அவள் குரல்.

"இதோ வரேண்டி" என்றேன். செம்பை எடுத்துத் தண்ணீரைச் சாய்த்தேன்.