வண்டிக்காரருக்குத் தெரியாத காலேஜ்

பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் தங்கள் படிப்பையும் விடுதியையும் பற்றி வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சிங்கப்பூரில் அந்த நோய் முதன்முதலில் பிடித்த ஆள் என் அண்ணை. அப்போது இங்கே பல்கலைக்கழகம் ஏது? டாக்டருக்குப் படிக்க ஒரு காலேஜ் புதிதாகத் திறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணை அதில் இரண்டாம் வருஷம். அவன் பேச்சைக் கேட்டால், சீமையில் இருக்கிற காலேஜெல்லாம் இதைப் பார்த்துத்தான் கட்டினார்கள் என்று நினைப்பீர்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். ஐயா, அதாவது எங்கள் அப்பா, அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளார்க். சிராங்கூன் ரோட்டில், ஜாலான் புசார் பக்கம் திரும்புகிற முனையில் வீடு. அண்ணை தினமும் டிராமில் காலேஜுக்குப் போய் வருவான். சாயந்தரம் வந்தால் சப்பாத்தைக்கூடக் கழற்றமாட்டான், தொடங்கிவிடுவான். "எங்கட காலேஜிலை ஆளுக்கொரு மைக்ராஸ்கோப்." "எங்கட காலேஜிலை நாலு மணிக்கு வெள்ளை மேசைவிரிப்பிலை தேத்தண்ணி, பிஸ்கோத்து." "எங்கட காலேஜிலை மார்பிள் தரை, முகம் பாக்கலாம்." அம்மா புட்டைக் கொண்டுவந்து வைத்தால், கையைக் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்று கேட்பான். "ஓம் மோனை, புட்டையும் சேர்த்துக் கழுவினனான். சாப்பிடு" என்பாள் அம்மா.

வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. அவன் சொன்னதை ஒன்றுவிடாமல் நம்பினது நான் ஒருத்திதான். அவன் எலும்புப் புத்தகத்தை நெஞ்சில் விரித்துவைத்துக்கொண்டு குறட்டை விடுவான். நான் மெல்ல உருவி எடுத்து வாசிப்பேன். ஒரு கையில் எத்தனை எலும்பு என்று அவனுக்கு முந்தி எனக்குப் பாடம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை பாஸாகிச் சும்மா இருந்த வயது. ஒருவருக்கும் சொல்லாமல் காலேஜுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வந்துவிட்டது! சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் தகப்பனார் கையெழுத்து வேண்டும், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்து சேரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஆட்களில் அதுவரை ஒரு பெண்ணும் அந்தப் பக்கம் போனதில்லை. அதே வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பா எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தார். காலேஜ் கடிதத்தை நான் ஐயாவிடம் கொடுத்தேன்; அவர் இரண்டு கடிதத்தையும் ஒரே கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் திரிந்தார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் இருக்கும்போது வாயைத் திறந்தார். "நாளைக்கு நான் அந்த இடத்தைக் கண்ணாலை பாக்கிறன். உன்ரை தமையன் சொன்ன மாதிரி நல்ல இடமெண்டால் அங்கையே கையெழுத்து. இல்லையெண்டால் சித்தப்பாவுக்குப் பதில் எழுதுறன்."

எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அண்ணையின் முகத்திலோ ஈயாடவில்லை. "நாளைக்கு மழை வரும் போலை கிடக்கு ஐயா" என்றான். "சனிக்கிழமையிலை அங்கை ஒண்டும் வடிவாத் தெரியாது" என்றான். தங்கச்சியும் அதே காலேஜுக்கு வந்துவிட்டால் இவன் பெருமையில் பாதி போய்விடுமே, பொறாமை பிடித்தவன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கடைசியில் காலேஜின் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, வாசலில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே டிராம் ஏறிவிட்டான்.

வளர்ந்த பெண்ணை டிராமில் கூட்டிக்கொண்டு போவதா என்று ஐயா குதிரைவண்டி பிடித்தார். வண்டிக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், வயதானவர். ஐயா கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக நின்று, காகிதத்தில் இருந்த பெயரைக் கந்தோர் இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்படி ஒரு இடம் இந்த ஊர்ல கெடையாதுங்களே சாமி." பக்கத்து வண்டிக்காரரைக் கேட்டார், தெரியாது. தேநீர்க் கடைக்காரரைக் கேட்டார், தெரியாது. துணிக்கடை பாய் வெளியே வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்து, "கப்பல் கம்பெனியா?" என்றார். எனக்கு அண்ணைமேல் வந்த ஆத்திரம்! சீமையே வாயைப் பிளக்கிற காலேஜ், சிராங்கூன் ரோட்டில் ஒரு குதிரைக்குக்கூடத் தெரியவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலை" என்று ஐயா விளங்கப்படுத்தினார். "உயர மதில். உள்ளுக்குப் பெரிய மரங்கள்."

வண்டிக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, பொம்பளப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி! மொதல்லயே சொல்லியிருக்கலாமே சாமி!"

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். அவர் குரல் அப்படியே இறங்கிவிட்டது. தோள் துண்டை எடுத்து ஆசனத்தைத் தட்டினார். "ஏறும்மா. பயப்படாத. அங்க நல்லாப் பாத்துக்குவாங்க." பிறகு ஐயாவின் காதருகே போய், "எத்தன நாளா சாமி இப்படி?" என்றார்.

"அவளுக்கு ஒண்டுமில்லையப்பா!" என்று ஐயா கத்தினார்.

"மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க சாமி."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது. வண்டிக்காரர் தலையை ஆட்டினார், துணிக்கடை பாய் உச்சுக் கொட்டினார்.

வழியெல்லாம் ஐயா குனிந்த தலை நிமிரவில்லை. பொழுது சாய்வதற்குள் பெரிய கிளார்க்கின் மகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று கோயில் வரைக்கும் கதை போய்விடும். "இனி உனக்கு மாப்பிள்ளை எங்கை தேடுறது?" என்றார் ஒரு தடவை. வண்டிக்காரர் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறார், அண்ணையைக் கண்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் இருந்தேன்.

வண்டி நின்ற இடத்தில் அண்ணை நின்றான். கறுப்புக் கோட்டு, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. அவனுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், ஜன்னலுக்கெல்லாம் கட்டைவிரல் பருமனில் இரும்புக் கம்பி.

"உந்தக் கம்பி எதுக்கு?" என்றார் ஐயா.

"காத்துக்கு ஐயா."

"கம்பியாலை காத்து வருமோ?"

வாசல் காவற்காரர் நல்ல மனுஷன், கேட்காமலே சொன்னார். முந்தி இங்கே புத்தி தவறின பெண்களை வைத்திருந்தார்களாம். அவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுச் சும்மா கிடந்த கட்டடத்தைக் காலேஜுக்குக் கொடுத்தார்களாம். எங்கள் அண்ணை இரண்டு வருஷமாக வீட்டில் மூச்சுவிடாத செய்தி அதுதான். மழை வரும் என்று ஏன் சொன்னான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கேயே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது.

"வண்டியைத் திருப்பு" என்றார் ஐயா.

நான் இறங்கிவிட்டேன். எங்கேயிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. "கண்ணாலை பாத்துத்தான் முடிவெண்டு சொன்னீங்கள். நீங்கள் இன்னும் மதிலைத்தான் பாத்திருக்கிறீங்கள். உள்ளுக்குப் பாக்காமல் நான் ஏறமாட்டன்."

அந்த நேரத்தில் எனக்குத் துணை வந்த ஒரே ஆள் வண்டிக்காரர். "அதுவா ஆசப்பட்டுப் போறேங்குது. இப்படி யாரும் போகமாட்டாங்க சாமி. தடுக்காதீங்க" என்றார்.

ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தார். தரை சிமெந்து, அதுவும் வெடித்த சிமெந்து. வெள்ளை மேசைவிரிப்பைக் கேட்டார். அண்ணை ஒரு ஸ்பிரிட் அடுப்பையும் மூடியில்லாத கேத்தலையும் காட்டினான். பக்கத்துக் கண்ணாடிச் சாடிகளில் இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று, அதைச் சுற்றி ஆறு பேர். "ஆளுக்கொண்டுதான் ஐயா. மாறி மாறி" என்றான் அண்ணை. ஒவ்வொன்றுக்கும் ஐயா "ம்" என்றார். ஒவ்வொரு "ம்"முக்கும் யாழ்ப்பாணத்துக் கப்பல் எனக்கு ஒரு முழம் கிட்ட வந்தது.

கடைசியில் ஒரு நீள அறை. சின்னச் சின்னக் கூண்டறைகளின் சுவர்களை இடித்து ஒன்றாக்கியது, இடித்த தடம் இன்னும் தெரிந்தது. சீனப் பெடியள், வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்த சட்டைக்காரப் பெடியள், தமிழர் இரண்டு மூன்று பேர். மேசைமேல் எலும்புகள். ஒருவன் எலும்பைத் தடவித் தடவி வாய்க்குள் முணுமுணுத்தான், ஒருவன் படம் கீறினான், இரண்டு பேர் எலும்பில் இருந்த ஏதோ ஒரு துவாரத்துக்காகக் கிசுகிசுத்துச் சண்டை போட்டார்கள். ஐயாவின் புதுச் சப்பாத்து கிறீச் கிறீச் என்று கத்துகிறது. சேலை கட்டின ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். ஒரு தலை நிமிரவில்லை.

ஐயா குரலைத் தணித்து, "படிப்பிக்கிற துரை எங்கை?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். ஒரு மணித்தியாலம் ஆச்சு ஐயா."

ஐயா முன்னால் இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்தார், பெடியளைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். இருபது வருஷம் கிளார்க்குகளை மேய்த்த மனுஷன் அவர். "என்ரை கந்தோரிலை துரை தும்மப் போனாலே ஒருத்தன் கதிரையிலை இருக்கமாட்டான்" என்றார், யாருக்கும் இல்லாமல். அப்படியே நின்றுகொண்டிருந்தார்.  எனக்கு அந்த வாங்குப் பலகையில் ஒரு மூலை போதும், அந்தச் சண்டையில் நானும் சேர்ந்தால் போதும், கம்பி இருந்தால் என்ன, கூண்டு இருந்தால் என்ன என்று இருந்தது. என் வாழ்நாளில் எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். முதலில் வந்தது சித்தப்பாவின் கடிதம். எனக்கு உயிர் போய் வந்தது. அதைத் திரும்பச் செருகிவிட்டு மற்றதை எடுத்தார். பேனாவுக்குக் கையை நீட்டினார். பக்கத்தில் இருந்த சீனப் பெடியன் தலை நிமிராமலே தன் பேனாவை எடுத்துக் கொடுத்தான். கம்பி ஜன்னலின் விளிம்பில் காகிதத்தை வைத்து, ஐயா கையெழுத்துப் போட்டார்.

"பாத்தீங்களோ ஐயா, நான் சொன்னன்தானே!" என்று அண்ணை உடனே நெஞ்சை நிமிர்த்தினான்.

"நீ சொன்னதிலை ஒண்டும் இஞ்சை இல்லை" என்றார் ஐயா. "இஞ்சை இருக்கிறதை நீ ஒருநாளும் சொல்லேல்லை."

வெளியே வண்டிக்காரர் என்னைக் கண்டு திடுக்கிட்டார். "சேத்துக்கலையா சாமி? சரி, விடுங்க. வீட்லயே வச்சுப் பாத்துக்கலாம்." ஐயா மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினார். கையெழுத்துப் போட்டாரே தவிர, அந்தப் பேச்சு அவரை இன்னும் அறுத்துக்கொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை, கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு எனக்கு முதல் பாடம். ஐயா தானே வந்து வண்டி பிடித்தார். இது வேறொரு வண்டிக்காரன், இளம் ஆள். ஐயா காலேஜின் முழுப் பெயரைச் சொன்னார். அவன் விழித்தான். இன்னொரு தரம் சொன்னார், அதற்கும் விழித்தான். தேநீர்க் கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் குவளையைக் கீழே வைத்துவிட்டார்கள். துணிக்கடை பாய் பாதிக் கதவைத் திறந்தபடி நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அண்ணை என்ன நடக்கப்போகிறது என்று மோப்பம் பிடித்து, எங்களைத் தெரியாதவன் மாதிரி டிராமை நோக்கி நடந்துவிட்டான்.

ஐயா தெருவை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகம் சிவந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, வேண்டாம் ஐயா, நடந்தே போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சிராங்கூன் ரோட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பொம்பளப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு விடு. என்ரை மகள் அங்கை டாக்டருக்குப் படிக்கிறாள். கெதியாப் போ."