சூடு என்று நினைத்தோம்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம். இந்த ஒரு வருஷமும் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "குடிக்கவே மாட்டாரேம்மா, அப்புறம் எப்படி கிட்னியில வந்துச்சு?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்த நினைவு மலரில் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில், காவிரிப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை விட்டுவிட்டு, கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். என்னை டீச்சர் ஆக்கினார். தம்பிக்கு உரக்கடை வைத்துக் கொடுத்தார். மேட்டூர் திறக்காத வருஷமும் பார்த்தார், அறுக்கப்போகும் நேரத்தில் கதிர் சாய்ந்து தண்ணீரில் முளைத்த வருஷமும் பார்த்தார். எதற்கும் இடிந்துபோய் உட்கார்ந்ததில்லை. கோபம் மட்டும் மூக்கின் மேல் நிற்கும். வரப்பில் நின்றால் கையில் பீடி இருக்கும். தலை சுற்றினால்தான் பிரஷர் மாத்திரை ஞாபகம் வரும்.

ஒரு குறுவை நடவின்போது சிறுநீர் சிவப்பாகப் போவதாக அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். வலி இல்லை. நாள் முழுக்க வெயிலில் நின்றால் சூடு பிடிக்கத்தானே செய்யும் என்று வீடே முடிவு கட்டியது. இளநீர், நீராகாரம், எண்ணெய்க் குளியல், கால் பெருவிரலில் சுண்ணாம்பு. ரத்தம் நின்றது. சுண்ணாம்புக்கு நல்ல பெயர் கிடைத்தது. அறுவடையில் திரும்ப வந்தது, திரும்ப நின்றது. உடம்பு இளைத்தபோதுகூட, "தொப்பையெல்லாம் கரைஞ்சு புதுமாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்களே" என்று கேலி செய்தோம். அவரும் சிரித்தார். விலாவுக்குக் கீழே வலி வந்த பிறகுதான் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். இடது சிறுநீரகத்தில் புற்றுநோய். நுரையீரல்வரை பரவியிருந்தது.

"வலியில்லாம ரத்தம் போனாத்தாம்மா உடனே பாக்கணும். அது தானா நிக்கும். நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல" என்றார் டாக்டர். பீடி சிகரெட், கட்டுக்குள் இல்லாத ரத்தக் கொதிப்பு, உடல் பருமன் எல்லாம் ஆபத்தைக் கூட்டுமாம். இவை எதுவும் இல்லாதவருக்கும் வரலாமாம். சிறுநீரகத்துக்கு உள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால், அறுத்து எடுத்துவிட்டுப் பல வருஷம் நன்றாக வாழலாம் என்றார். கூடப்பிறந்தவர்களும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கடைசி நாட்களில், "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று மட்டும் கேட்டார். கூட்டி வந்தோம். அண்ணி கஞ்சி ஊட்ட, பேசிக்கொண்டே இருந்தவர் அப்படியே கண்ணை மூடிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு எதற்கும் தெம்பில்லை.

என் ஸ்கேனில் ஒன்றுமில்லை. தம்பி இழுத்தடித்தான். போன மாதம் அண்ணி பிடிவாதமாக அனுப்பிவைத்தார். வலது சிறுநீரகத்தில் சின்னக் கட்டி, இன்னும் வெளியே பரவவில்லை. ஆபரேஷனுக்கு டாக்டர் கொடுத்த நாள் அண்ணனின் தலைத்திதி நாளாகவே அமைந்துவிட்டது. "வருஷம் திரும்புறதுக்குள்ள அதே குடும்பத்துல கத்தி படக்கூடாது, தள்ளி வைங்க" என்றார்கள் பெரியவர்கள். தம்பியும் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டான். அண்ணி விடவில்லை.

"அவருக்குத் தள்ளிப்போட்டது போதும். திதியை என் பையன் கொடுத்துப்பான். நீங்க கிளம்புங்க தம்பி."

ஆகவே, திதிக்கு வந்து இந்த மலரை நீங்கள் கையில் வாங்கும் நேரம் தம்பி ஆபரேஷன் தியேட்டருக்குள் இருப்பான். நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். எப்படி முடியும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

நோயில் அண்ணனைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், எங்கள் வயலையும் சேர்த்து அறுத்துக் கொடுத்த பக்கத்து நிலத்தாருக்கும் நேரில் கைகூப்ப இன்று நான் அங்கே இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண் பந்தியில் நின்று பரிமாறவில்லையே என்று யாராவது சொல்லக்கூடும். அண்ணன் சொல்லமாட்டார். தம்பியைத் தனியே விட்டுவிட்டு வந்திருந்தால், வாசலிலேயே நிறுத்தித் திட்டியிருப்பார்.