பள்ளத்தில் பிடித்த கை

நான் தாதியாக வேலை பார்த்தவள். ஈப்போவில் பிணவறைக்குப் பக்கத்து வார்டில் எத்தனையோ இரவுகள் தனியாக இருந்திருக்கிறேன், ஒன்றும் என்னை வந்து தொட்டதில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து காப்பி போடப் போய்விடுவேன். நீங்களும் இதைக் கேட்டுவிட்டு அப்படிப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளின் கடைசி. என் கணவர் சேகர் ஒரு பழைய வேனை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்திருந்தார். பள்ளி விடுமுறைக்கு அவரோடு வேலை பார்த்த மணியமும் அவர் மனைவி லெட்சுமியும் எங்களோடு கிளம்பினார்கள். பெண்கள் வேனுக்குள், ஆண்கள் வெளியே கூடாரத்தில். கேமரன் மலை ஏறுவதற்குள் வேன் பலமுறை நின்றது, ஒவ்வொரு முறையும் மணியம் இறங்கித் தள்ளினார், தள்ளிய களைப்புக்கு எங்கள் முறுக்கு டின்னைக் காலி செய்தார். அவ்வளவு சிரித்த பயணம் எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை.

மறுநாள் ரிங்லெட் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாலையோரம் வேனை நிறுத்திவிட்டு, கீழே ஆறு ஓடும் பள்ளத்தைப் பார்க்க இறங்கினோம். இரண்டு பக்கமும் சுவர்போலப் பாறை, நடுவில் பளிங்கு மாதிரித் தண்ணீர். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். சேகர் படம் எடுக்கிறேன் என்று கேமராவோடு ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம் போனார். மணியம் பாறைமேல் படுத்துக்கொண்டு கண்டபடி பாடினார்.

கை கழுவப் போன லெட்சுமி அப்படியே நின்றாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள்.

"தண்ணி கலங்குது. மேல மழை பேயுது போல. எந்திரிங்க, ஏறிடுவோம்."

பார்க்கப் பார்க்கத் தண்ணீர் தே தாரிக் பால் டீயின் நிறத்துக்கு மாறியது, இலையும் குச்சியும் மிதந்து வந்தன. சேகரைக் கூப்பிட்டோம். "நீங்க ஏறுங்க, நான் வந்துர்றேன்" என்று வளைவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது, நீட்டிய கை தெரியவில்லை. இறங்கிய வழி எங்கே என்றே புரியவில்லை. மணியம் முன்னால், நடுவில் லெட்சுமி, கடைசியில் நான் என்று கைகோத்துக்கொண்டு சேற்றுச் சரிவில் ஏறினோம். கீழே ஆறு லோரி வருவதுபோல உறுமியது. என் உயிர் என்னிடம் இல்லை, சேகர் இன்னும் கீழே இருக்கிறாரே என்று.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை என் இடது கையைப் பிடித்தது. சேகர் வந்துவிட்டார்! அழுகையே வந்துவிட்டது எனக்கு. "பாத்து வாங்க" என்றேன். "ம்" என்று பதில் வந்தது. நான் வழுக்கியபோதெல்லாம் அந்தக் கை என்னைத் தாங்கி மேலே தள்ளியது. தேயிலைச் செடிகள் காலில் தட்டியதும் அது விட்டுவிட்டது.

சாலைக்கு வந்து பார்த்தால், சேகர் வேன் படியில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறார். வளைவுக்கு அந்தப் பக்கம் வேறு தடம் கிடைத்து, எங்களுக்கு முன்பே ஏறிவிட்டாராம். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

சொன்னேன். சேகர் சிரித்தார், லெட்சுமி சிரித்தாள், கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன். பிரிஞ்சாங் போய்ச் சேரும்வரை அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தார்கள். மணியம் மட்டும் ஒன்றும் பேசாமல் வந்தார். பசி என்று நினைத்துக்கொண்டோம்.

பல வருடம் கழித்து மணியத்தின் மகள் கல்யாணத்தில், பந்தி முடிந்த பிறகு அவரிடம் விளையாட்டாகக் கேட்டேன், அந்தப் பனியில் வழியை எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள் என்று.

"நான் எங்கேம்மா கண்டுபிடிச்சேன்? முன்னால ஒரு கை புடிச்சு இழுத்துட்டே போச்சு. சேகருன்னு நெனச்சேன். மேல வந்து அவர வேன்கிட்ட பாத்ததும் எனக்குப் பேச்சே வரல."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மணிக்கட்டுல கயிறு கட்டியிருந்துச்சு. ஈரக் கயிறு. மூணு முடிச்சு."

என்னைப் பிடித்த கையிலும் ஈரக் கயிறு இருந்தது. விரலில் அழுந்திய மூன்று முடிச்சுகளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை நான் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் யாரிடமும் சொன்னதில்லை, சேகரிடம்கூட.

முன்னாலும் பின்னாலும் ஒரே கை எப்படி? எனக்குத் தெரியாது. இப்போதும் நாங்கள் கேமரன் மலைக்குப் போகிறோம், சோளம் வாங்கித் தின்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசையாக நடக்க வேண்டி வந்தால் நான் நடுவில்தான் நடப்பேன்.