தொப்பையண்ணனுக்கு வந்த திருத்தங்கள்

போர்டு எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தூரிகை பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் வந்து நின்று "இங்கே மட்டும் கொஞ்சம் மாத்துங்க" என்று நீளும் விரலைக் கடிக்காமல் இருக்கவும் தெரிய வேண்டும். நீங்கள் துணி தைப்பவராக இருக்கலாம், கல்யாண வீட்டில் சமைப்பவராக இருக்கலாம், ஆபீசில் கடிதம் தட்டுபவராக இருக்கலாம். அந்த விரல் உங்களுக்கும் வாய்த்திருக்கும். ஆகவே உங்களிடம் மனம்விட்டுப் பேசலாம்.

மலாக்காவில் காஜா பெராங் சாலையோரம் என் பட்டறை. நான் வரைந்த உருவங்களிலேயே பேரும் புகழுமாக இருந்தவர் தொப்பையண்ணன். பண்டார் ஹிலிரில் மாரிமுத்து அண்ணன் நடத்திய கோப்பித்தூள் கடையின் போர்டில் பிறந்தவர். தீபாவளிக்கு அண்ணன் இலவசமாகக் கொடுக்கும் நோட்டீசில், நாலு கட்டத்தில் ஒரு வேடிக்கைக் கதையிலும் நடிப்பார். ஜப்பான்காரன் காலத்தில் இவரைத் திருத்தச் சொல்லாத ஆளே ஊரில் இல்லை. அதே காலத்தில்தான் ஒரு பெண், இந்த முகம் மாறினால் தன் புருஷனுக்கு வீடு திரும்ப வழி தெரியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டுக்கும் நடுவில் நின்றவன் நான். சமாளித்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடக்கம் எனக்கு அவ்வளவாக வராது.

முதல் முகம்

சண்டை வருவதற்கு முன் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்க வரும் தோட்டத்து ஜனங்களில் பாதிப் பேருக்கு எழுத்து வாசிக்க வராது. மாரிமுத்து அண்ணனுக்கே வராது. "பார்த்ததும் நம்ம கடைன்னு தெரியற மாதிரி ஒரு ஆளைப் போடுங்க தம்பி" என்றார். நான் போட்ட முதல் ஆளுக்குக் கூர்மூக்கு, சின்னக் கண், வாய் நிறையப் பல். சிரிக்கிறார் என்றுதான் நினைத்து வரைந்தேன். அதைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தாய்க்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடையில் கோப்பித்தூள் வாங்கிப் போனாள்.

மறுவாரமே கண்ணை உருட்டினேன், மூக்கைக் கொய்யாக்காய் போல் ஆக்கினேன், பல்லை மீசைக்குள் மறைத்தேன். கைக்கு நாலு விரலோடு நிறுத்திக்கொண்டேன். வேடிக்கைப் படத்தில் ஐந்து விரல் போட்டால் கை வாழைச்சீப்பு மாதிரி ஆகிவிடும், வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையில் துரைமார் போடும் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் தாராளமான தொப்பை. வரைகிற நேரமெல்லாம் மாரிமுத்து அண்ணன் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு எதிரில் நின்றதால், நான் கூப்பிடாமலே அவரும் போர்டில் ஏறிவிட்டார். அவர் மனைவி சிவகாமியக்கா வெளியே வந்து போர்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "உள்ள இருக்கிற ஒண்ணுக்கே ஆக்கிப் போட்டு முடியல, இப்ப வாசல்ல இன்னொண்ணா?"

தொப்பியைக் கழற்றியது

ஜப்பான்காரன் வந்ததும் போர்டுகளில் ஆங்கில எழுத்தை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். அடுத்த வாரம் எங்கள் வட்டாரத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் வந்து தொப்பியைக் காட்டினார். அது வெள்ளைக்காரன் தொப்பி, உடனே எடுத்தாக வேண்டும் என்றார்.

எடுப்பது சுலபம். எடுத்தால் அடியில் என்ன இருக்கிறது? இத்தனை வருடம் வரைந்த எனக்கே தெரியாது. வேடிக்கைப் பட ஆசாமிகளுக்குத் தொப்பி தலையோடு ஒட்டிப் பிறந்தது. கடைசியில் மாரிமுத்து அண்ணனை உட்காரவைத்து, அவர் மண்டையைப் பார்த்தே வரைந்தேன். பளபளவென்ற வழுக்கை, காதோரம் கொஞ்சம் முடி. தினமும் கடை வாசலில் வண்டியை நிறுத்தும் ரிக்‌ஷாக்காரர் அதைப் பார்த்துத் தன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். "தொப்பி இருந்தப்ப ஆளுக்கு வயசே தெரியல. ஜப்பான்காரன் வந்து எல்லாரு வயசையும் வெளிய கொண்டாந்துட்டான்."

ஐந்தாம் விரல்

ஒரு ராணுவ அதிகாரி கோப்பி வாங்க வந்தவர், போர்டை அண்ணாந்து பார்த்து எதையோ எண்ணினார். பிறகு என்னைக் கூட்டிவரச் சொன்னார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் நம் ஊர்க்காரர்தான், ஆனால் அன்றைக்கு என்னைத் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். இந்த மனிதனின் விரலை வெட்டியது யார், எங்கள் சிப்பாய்களா, அப்படிச் சொல்லத்தான் படம் போட்டிருக்கிறாயா என்று கேள்வி.

வேடிக்கைப் படங்களில் அப்படித்தான் போடுவது, பார்க்க அழகு, வேலையும் மிச்சம் என்று விளக்கினேன். உண்மையைச் சொன்னால் நம்பாத முகங்கள் உண்டு, அது அப்படிப்பட்ட முகம். ஏணியைப் போட்டு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கைக்கும் ஐந்தாம் விரல் போட்டேன். அதிகாரி மறுபடி எண்ணினார், தலையாட்டினார், ஒரு வாக்கியம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தமிழாக்கினார். "இனிமே இவனுக்கு ஒரு விரல் குறைஞ்சா உனக்கும் ஒண்ணு குறையுமாம்."

வர்ணம் தீர்ந்தது

பெயிண்ட் டின்கள் காலியான பிறகு என் கடைச்சரக்கு அடுப்புக்கரி, செம்மண், சுண்ணாம்பு, மஞ்சள். தொப்பையண்ணனின் நீலச் சட்டை வெளுத்தபோது மஞ்சளைத்தான் கரைத்துப் பூசினேன். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது என்று இப்போதும் சாதிப்பேன். வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் கடைப்படியில் நின்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துப் பார்த்தீங்களா?"

அக்கா கேட்டது

ஒருநாள் தோட்டத்துக்குத் தூள் கொடுக்கப் போன மாரிமுத்து அண்ணன் திரும்பவில்லை. அங்கே ஆள் பிடித்த லாரியில் அவரையும் ஏற்றி, ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சைக்கிள் மட்டும் வந்தது. அந்த மாதமே பண்டார் ஹிலிர் கடையும் ராணுவத்துக்கு வேண்டும் என்று அக்காவைக் காலி செய்யவைத்தார்கள். என் பட்டறைக்குப் பின்னால் கம்போங் செட்டியில், பலகாரம் விற்கும் ஒரு பெரியம்மா, ஊரே பீபிக் என்று கூப்பிடுகிறவர், அக்கா கடை வைக்கத் தன் வீட்டு முன்பகுதியை ஒழித்துக் கொடுத்தார். பல தலைமுறைக்கு முன் குடியேறி மலாயே வீட்டுமொழியாகிப்போன செட்டிக் குடும்பம், அக்காவுக்கோ மலாய் அரைகுறை. இருந்தும் இரண்டு பேரும் அடுப்பங்கரையில் நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

போர்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மாட்டியது நான். அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்குப் புது இடம் தெரியாது, எழுத்தும் தெரியாது, இந்த மூஞ்சி ஒன்றுதான் அடையாளம், யார் சொன்னாலும் மாற்றாதே என்றார். யாரையாவது விசாரித்து வந்துவிட மாட்டாரா என்றேன். பேசாமல் இருந்திருக்கலாம். "கேக்கிற நெலமையில வருவாரான்னு யாருக்குத் தெரியும் தம்பி?"

மழைத் தொப்பை

அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கே சோறான காலம். கோப்பியும் பாதிக்குமேல் வறுத்த மக்காச்சோளம். அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் தொப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தால் ஜனங்களுக்கு எரியுமா எரியாதா? சேற்றை எடுத்து அடித்தார்கள். இவ்வளவு தைரியமாகத் தொப்பையைக் காட்டுகிற வீட்டில் அரிசி பதுக்கியிருப்பார்கள் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, சிப்பாய்கள் வந்து வீட்டைச் சோதனை போட்டார்கள். பலகைத் தரையைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு, தொப்பை நாளைக்குள் இறங்க வேண்டும் என்று உத்தரவு போட்டுப் போனார்கள். அக்கா மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் தொழில் தெரிந்தவன். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, சுண்ணாம்பும் கரியும் கலந்து, தொப்பைமேல் பூசி ஒட்டிய வயிறு வரைந்தேன். அடியில் சண்டைக்கு முந்தைய நல்ல எண்ணெய்ப் பெயிண்ட் தொப்பை பத்திரமாக இருந்தது. ஒரு சங்கடம், மழை. ஒவ்வொரு மழைக்கும் சுண்ணாம்பு கரைந்து தொப்பை கீழிருந்து மெல்ல எட்டிப்பார்க்கும், நான் வாளியோடு ஓடுவேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு மனிதர், சட்டையில்லாத உடம்பில் எலும்பெல்லாம் தெரிய, போர்டில் தொப்பை வளர்வதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, என்னையும் மழையில நிக்க வச்சா இப்படி வருமா?"

ஆள் சேர்க்கும் போஸ்டர்

சயாமுக்கு ஆள் சேர்க்கும் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். தொப்பையண்ணனை ஊரில் எல்லாருக்கும் பிடிக்குமாம். அவர் கையைக் காட்டி "வாருங்கள், நல்ல சாப்பாடு, நல்ல சம்பளம்" என்று கூப்பிடுகிற மாதிரி போஸ்டர் வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்த ஆள் கிடையாது. அக்காவிடம் சொன்னேன். "அவரைப் புடிச்சிட்டுப் போனது போதாதா, அவரு மூஞ்சிய வச்சு இன்னும் நாலு பேரைப் புடிக்கணுமா?" என்றார். தப்பிக்க எனக்கு வழி தெரியவில்லை.

மாதிரிப் படத்தை எடுத்துப் போனேன். அதிகாரி பென்சிலை எடுத்தார், விரலை நீட்டினார். அங்கேதான் எனக்கு வழி திறந்தது. என் வாழ்நாளிலேயே அன்று ஒருநாள்தான் ஒரு திருத்தத்துக்குக்கூட எதிர்வாதம் செய்யவில்லை. உழைப்பாளிக்குத் தோள் அகலமாக வேண்டும் என்றார், ஆகட்டும் என்றேன். மீசை எதற்கு என்றார், வழித்தேன். மூக்கு கேலியாக இருக்கிறதே என்றார், நேராக்கினேன். கண் மனிதக் கண் அளவுக்கு வந்தது. வழுக்கையில் முடி முளைத்தது, வயது இருபது குறைந்தது. முடிந்தபோது மண்வெட்டியோடு ஒரு வாலிபன் நின்றான், அவனை யாருக்கும் தெரியாது. அதிகாரிக்குப் பரம திருப்தி, எனக்கு ஒரு சிகரெட் பெட்டி கிடைத்தது. லாரிகள் அதனால் நின்றுவிடவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் தொப்பையண்ணன் கூப்பிட்டார் என்று நம்பி ஏறியவர் ஒருவர்கூட இல்லை, அதுவும் தெரியும். சந்தைச் சுவரில் போஸ்டர் ஒட்டிய அன்று பீபிக்கைக் கூட்டிப்போய், இது யார் சொல்லுங்கள் என்றேன். கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், யாரோ எவனோ, தெரியாது என்று மலாயில் சொல்லி உதட்டைப் பிதுக்கினார். "சியாபா இத்து ஓராங்? தாக் கெனால்!"

வந்தவர்

ஜப்பான்காரன் சரணடைந்ததும் நான் செய்த முதல் வேலை, தேங்காய் நாரும் தண்ணீரும் கொண்டு போர்டைத் தேய்த்தது. தொப்பை முழுசாக வெளியே வந்தது. ஐந்தாம் விரலை அழித்த அன்று சந்தோஷத்தில் எனக்கு நானே பலகாரம் வாங்கித் தின்றேன். சயாமிலிருந்து ஒருவர் இருவராக ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மலாக்காவுக்கு வரும் தண்டவாளத்தையே ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போயிருந்தான், ஆகவே ரயில் நிற்கிற தம்பின் ஊரில் இறங்கி நடந்தும் லாரி பிடித்தும் வந்தார்கள். வருகிறவரை எல்லாம் அக்கா நிறுத்தி விசாரிப்பார். தெரியாது என்பார்கள். சிலர் பதில் சொல்லாமல் போவார்கள், அது இன்னும் மோசம்.

ஒரு காலை நேரம். ஏணியில் நின்று தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே விறகு ஈரமாக இருக்கிறது என்று அக்கா விறகுக்காரரைக் கிழித்துக்கொண்டிருந்தார். சுவரைத் தடவிக்கொண்டே ஒரு கிழவர் என் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். "யாரு வேணும் பெரியவரே?" என்றேன். அவர் காதை வீட்டுப் பக்கம் சாய்த்தார். உள்ளே அக்காவின் குரல் பாதி வசவில் நின்றது. அதற்குப் பிறகு நான் ஏணியிலேயே திரும்பி நின்றுகொண்டு தொப்பியைப் பார்த்தேன், தொப்பி சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது.

எல்லாம் அடங்கி, அண்ணன் கஞ்சி குடித்த பிறகு, மூன்று வருடம் அந்த முகத்தைக் காப்பாற்றியவன் ஆயிற்றே, கேட்காமல் இருக்க முடியவில்லை. போர்டைப் பார்த்துத்தானே கண்டுபிடித்தீர்கள் என்றேன். பழைய கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் தெருப்பக்கத்துக் கோயிலில் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்று நடந்து வந்திருக்கிறார். "போர்டா? காய்ச்சல்ல கண்ணு மங்கிப்போச்சு தம்பி. முச்சந்தியில நின்னேன், ஒருத்தி விறகுக்காரனைப் போட்டு ஏசிக்கிட்டு இருந்தா, இந்த ஏச்சு ஏச உலகத்துல ஒருத்திதான் இருக்கான்னு வந்துட்டேன்."

கடைசித் திருத்தம்

நல்ல சாப்பாடும் ஒரு மூக்குக்கண்ணாடியும் கிடைத்ததும் அண்ணனுக்குப் பார்வை ஓரளவு திரும்பியது. உடம்புதான் திரும்பவில்லை. கடைக்கு வருகிறவர்கள் போர்டைப் பார்ப்பார்கள், கல்லாவில் இருக்கிறவரைப் பார்ப்பார்கள், சட்டென்று சாமான் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே ஒரு திருத்தத்தோடு நானே போனேன். தொப்பையைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன், எண்ணெய்ப் பெயிண்டிலேயே, மழைக்குப் போகாது என்றேன். அண்ணன் வாசலுக்கு வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தொப்பையண்ணனை வெகுநேரம் பார்த்தார். பழைய நினைப்பில் கை வயிற்றைத் தடவப் போய், சட்டைத் துணியைத் தடவிவிட்டு இறங்கியது. "அவனைத் தொடாதீங்க தம்பி. அவன் அங்கேயே இருக்கட்டும், நான் மெல்ல மெல்ல வந்து சேர்ந்துக்கிறேன்."

அதற்குப் பின் கோப்பி டின்னுக்கும் காலண்டருக்கும் என்று தொப்பையண்ணனின் கண், காது, சட்டை எல்லாவற்றையும் கேட்டவர் கேட்டபடி மாற்றிக் கொடுத்துவிட்டு, தொப்பையில் மட்டும் கைவைக்க மறுத்துத் தலைக்கனம் பிடித்தவன் என்று பேர் வாங்கியிருக்கிறேன். அண்ணன் கண்மூடும்வரை அந்தத் தொப்பைக்கு வந்து சேரவில்லை என்பதை அவர்களுக்கெல்லாம் நான் எப்படிச் சொல்வது?