மானாம்பதி கிணற்றடியில் தூது போன பகல்

உத்திரமேரூரில் என்ன பார்க்கலாம் என்று போன வாரம் ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். நான் அங்கே முதலில் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம். ஊர்ச்சபைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது என்று ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

காஞ்சிபுரத்திலிருந்து காலை ஏழு மணி பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். நின்று நின்று போனதில் ஒன்றரை மணி நேரம் ஆனது. கல்வெட்டில் ஓர் எழுத்தும் புரியவில்லை. (யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு.) பத்து மணிக்கே வேலை முடிந்துவிட, வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு மானாம்பதி பக்கம் மிதித்தேன்.

ஊருக்குச் சற்று முன்னால், வயலுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டிக் கத்தினாள். "சார், ஓடியாங்க சார்! மாடு கெணத்துல வுழுந்துட்ச்சி!"

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. உள்ளே ஒரு வெள்ளை எருது மூச்சு முட்டி உழன்றுகொண்டிருந்தது. கழுத்தளவு தண்ணீரில் ஒருவர் அதன் மூஞ்சியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மேலே, மாட்டுக்குச் சொந்தக்காரர் கன்னியப்பன் வடக்கயிற்றோடு நின்றார். அவருக்குப் பின்னால் நடவுக்கு வந்த ஆட்கள் நாலைந்து பேர். கூப்பிட்ட பெண் அவர் மனைவி பட்டம்மா. நான் கிணற்று விளிம்பில் நின்றேன்.

"வவுத்துக்கு அடியில கயிறு வுட்டாச்சான்னு கேளுங்க சார்" என்றார் கன்னியப்பன்.

அவர் குரல் கீழே இருப்பவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் அந்த ஆள் அண்ணாந்து என்னைத்தான் பார்த்தார். "முடிச்சு போட்டுக்கினு கீறேன்னு சொல்லுங்க சார்."

நான் விழிப்பதைப் பார்த்துப் பட்டம்மா காதோரம் சொன்னாள்: "கீய கீறது இவரு தம்பி சார், ஏழுமலை. இந்தக் கெணத்துத் தண்ணி யாருக்கு எப்போன்னு தகராறு. வருஷக்கணக்கா மூஞ்சி பாத்துப் பேசறதில்ல."

அண்ணனின் மாடு விழுந்ததும் முதலில் குதித்தவர் அந்தத் தம்பிதான்.

எல்லோருமாக இழுத்தோம். மாடு பாதி உயரம் வந்தபோது முடிச்சு நழுவியது. மாடு ஒருபக்கமாகச் சாய்ந்து நேராக ஏழுமலையின் தலைக்கு மேல் தொங்கியது.

"டேய் ஏழுமல! நவுருடா! நவுருடா டேய்!" கன்னியப்பன் குதிகாலை மண்ணில் ஊன்றிக் கத்தினார். கயிறு அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவர் விடவில்லை.

"அண்ணா, வுட்றாத!" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. ஏழுமலை மூழ்கி மறுபுறம் எழுந்து படியைப் பிடித்துக்கொண்டார்.

எப்படியோ மாடு மேலே வந்து சேர்ந்தது. பின்னாலேயே ஏழுமலையும் படியேறி வந்தார். மாட்டின் நாலு காலும் நடுங்கின. அண்ணன் தம்பி கட்டிக்கொள்வார்கள் என்று நான் காத்திருந்தேன். கன்னியப்பன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே, "அந்த ஆள ஈரத்துணிய மாத்திக்கச் சொல்லுங்க சார்" என்றார். "முன்னங்காலு வீங்கிக்கீது, பத்து போடச் சொல்லுங்க சார்" என்றார் ஏழுமலை.

எனக்கு எரிச்சலாக வந்தது. "நீங்களே சொல்லிக்கலாமே?" இருவரும் மாட்டைப் பார்த்தார்கள்.

பின்னாளில் எத்தனையோ வீடுகளில் இதையே பார்த்துவிட்டேன். உயிரையே கொடுக்கத் துணிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை பேசுவது கஷ்டமாக இருக்கிறது. பயத்தில் நாக்கு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. பயம் தெளிந்ததும் ரோஷம் திரும்பி வந்துவிடுகிறது. கல்வெட்டு வெட்டியவர்கள் ஊருக்கு விதி எழுதினார்கள். இதற்கு என்ன எழுதியிருப்பார்கள்?

போகிறவர்கள் தை, மாசியில் போங்கள்; ஏரிகளில் தண்ணீர் இருக்கும், வெயிலும் தாங்கும். கோயில் நடை சாத்துவதற்குள் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வயல் பக்கம் நடந்தால் காலடியில் கவனம். தரையோடு தரையாகக் கிணறுகள் உண்டு.

அன்று சைக்கிளை நிமிர்த்திக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். தூது சொல்ல நான் இல்லை. இருவருக்கும் நடுவில் மாடு மட்டும் நின்றது. கன்னியப்பன் அதன் கழுத்தைத் தடவியபடி, "ஏம்பா, உன் சித்தப்பன் காலைலேர்ந்து எதனா துன்னானான்னு கேளு" என்றார்.

ஏழுமலை அதன் முதுகில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே மாட்டிடம் சொன்னார்: "இன்னும் இல்லன்னு சொல்லு."